ஷைகு ஸஅதியின் பொன்மொழிகள்: எவர் வாயில், எந்த இடத்தில்?

நம் மேடைகளிலும் ஜும்ஆப் பேருரைகளிலும் மீலாது மலர்களின் பக்க ஓரங்களிலும் 'ஷைகு ஸஅதி (ரஹ்) அவர்கள் சொன்னார்கள்' என்று தொடங்கும் வாசகங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் சில வேறெவரோ சொன்னவை. பெயர் பெரிதாக இருந்தால் வாசகம் எடுபடும் என்பதற்காக ஸஅதியின் தலையில் ஏற்றப்பட்டவை. அவற்றைப் பற்றி நாம் இங்கு பேச வரவில்லை. மெய்யாகவே அவருடைய ஏட்டில் உள்ள வாசகங்களே நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. ஓர் ஏட்டில் ஒரு வாக்கியம் காணப்படுவதாலேயே அது ஏட்டாசிரியருடைய தீர்ப்பாகிவிடுமா என்பதே நமது கேள்வி.

தமிழில் நீதிநூல் படித்து வளர்ந்த நமக்கு இக்கேள்வி எளிதில் எழுவதில்லை. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் மூதுரையும் தனித்தனியே நிற்கும் வாசகங்களால் ஆனவை. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டாலும் பொருள் பெரிதாகக் கெடுவதில்லை. குறளுக்கும் அதிகாரமும் பாலும் உண்டேயன்றிக் கதை கிடையாது. அந்தப் பழக்கத்தோடு நாம் குலிஸ்தானுக்குள் நுழைகிறோம். மலர்களைக் காம்போடு கிள்ளி எடுத்துக்கொண்டு வெளியேறுகிறோம். குலிஸ்தானின் முன்னுரையிலேயே இப்படி ஒரு காட்சி இருப்பது நினைவிற்கு வருகிறது. தோட்டத்தில் இரவைக் கழித்த நண்பர் காலையில் ஊர் திரும்பும்போது அங்கியின் மடியில் பூக்களைச் சேர்த்துக்கொள்கிறார். அவை சில நாட்களில் வாடிவிடும் என்று சொல்லி, வாடாத தோட்டம் ஒன்றை எழுதித் தருவதாக ஸஅதி வாக்களிக்கிறார். அவர் வாக்களித்தது தோட்டம். நாம் இன்னும் மடியில் பூச் சேர்ப்பவர்களாகவே இருக்கிறோம்.

நூலின் அமைப்பைச் சற்று நினைவுகூர்வோம். ஹிஜ்ரி 656, அதாவது கி.பி. 1258, குலிஸ்தான் எழுதி முடிக்கப்பட்ட ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டில் செய்யுள் நூலான பூஸ்தான் நிறைவு பெற்றிருந்தது. குலிஸ்தான் எதுகை ஓசை மிகுந்த உரைநடையும் இடையிடையே செய்யுளும் கலந்தது. மன்னர்களின் நடைமுறை, தர்வேஷ்களின் ஒழுக்கம், போதுமென்ற மனம், மௌனத்தின் பயன், காதலும் இளமையும், முதுமை, கல்வியின் விளைவு, கூடிப் பழகும் முறை என எட்டு இயல்கள். முதல் ஏழும் பெரும்பாலும் கதைகளால் ஆனவை. மன்னரும் அமைச்சரும், வணிகரும் மல்லரும், காழியும் கள்வரும் அவற்றில் பேசுகிறார்கள். அவர்களுக்கு நடுவே 'நான்' என்று ஒருவரும் பேசுகிறார்.

அந்த 'நான்' யார் என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஐந்தாம் இயலில் ஒரு கதை. குவாரஸ்ம் மன்னர் முஹம்மது ஷா கிதாயர்களோடு சமாதானம் செய்துகொண்ட ஆண்டில் தாம் காஷ்கர் நகரின் பள்ளிவாசலுக்குள் நுழைந்ததாக அந்த 'நான்' சொல்கிறார். அங்கே ஒரு மாணவன் ஸமக்ஷரியின் இலக்கண நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஸைது அம்ரை அடித்தான் என்ற அந்தப் பழைய எடுத்துக்காட்டை ஓதிக்கொண்டிருக்கிறான். குவாரஸ்மும் கிதாயும் சமாதானமாகிவிட்டார்கள், ஸைதுக்கும் அம்ருக்கும் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லையா என்று இவர் கேட்க, மாணவன் சிரிக்கிறான். அரபு இலக்கணம் ஓதிய எவரும் இக்கதையைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மன்னர் 1220இல் இறந்தவர். ஸஅதியோ 1210ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கணிப்பு. கதையில் அவருடைய கவிதைகள் காஷ்கர் வரை புகழ்பெற்றிருக்கின்றன. கணக்கிலோ அவர் பால்மணம் மாறாத சிறுவர். ஆகவே 'நான் கண்டேன்' என்று அவர் தொடங்கும்போது அதைப் பயணக் குறிப்பாகக் கொள்ளாமல் கதை சொல்லும் ஒரு முறையாகக் கொள்வதே பொருத்தம். சொல்பவர் கதைமாந்தருள் ஒருவராகிவிட்டால், சொல்லப்படும் அறமும் கதையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இனி, மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதும் மிகுதியாகப் பழிக்கப்படுவதுமான அந்த வாசகத்தை எடுத்துக்கொள்வோம். நலம் கருதிச் சொல்லும் பொய், குழப்பம் விளைக்கும் மெய்யைவிட மேலானது என்ற கருத்துடையது அது. 'பாரசீகத்தின் பெரிய அறநூல், பொய்யை நியாயப்படுத்தும் கதையோடு தொடங்குகிறதே' என்று குறைகூறியவர் பலர். நம்மவர்களோ அதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். வரவு செலவுக் கணக்கை மறைக்கும் நிர்வாகியும், பெண்ணுக்கு வரன் பார்க்கையில் நோயை மறைக்கும் உறவினரும், 'ஒரு மஸ்லஹத்துக்காகச் சொன்னேன்' என்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஸஅதியின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவருடைய நிழலில்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

கதையைப் பார்ப்போம். முதல் இயலின் முதல் கதை அது. மன்னர் ஒருவர் ஒரு கைதியைக் கொல்லுமாறு சைகை செய்கிறார். உயிர்மேல் நம்பிக்கை இழந்த அக்கைதி, தன் மொழியில் மன்னரை வாயில் வந்தபடி ஏசுகிறான். மன்னருக்கு அம்மொழி தெரியாது. என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். நற்குணமுடைய அமைச்சர் ஒருவர், கோபத்தை விழுங்குவோரையும் மக்களை மன்னிப்போரையும் புகழும் இறைவசனத்தை (3:134) அவன் ஓதுகிறான் என்கிறார். மன்னர் மனமிரங்கிக் கொலைத் தண்டனையைக் கைவிடுகிறார். அப்போது முதல் அமைச்சருக்குப் பகைவரான இன்னோர் அமைச்சர், மன்னர் முன்னிலையில் நம் போன்றோர் மெய்யன்றி வேறு பேசலாகாது, அவன் உங்களை ஏசினான் என்கிறார். மன்னரின் முகம் சுளிக்கிறது. எனினும், நீ சொன்ன மெய்யைவிட அவர் சொன்ன பொய்யே எனக்கு உவப்பாயிருக்கிறது, அதன் நோக்கம் நலம், இதன் அடிப்படை கெட்ட எண்ணம் என்கிறார் அவர். அதன்பிறகே அந்தப் புகழ்பெற்ற வாசகம், அறிஞர்கள் சொல்லியிருப்பதாக வருகிறது.

கதையில் நாம் கவனிக்காமல் கடந்துவிடுபவை சில உண்டு. பொய் சொன்ன அமைச்சருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. கைதி அவருடைய உறவினன் அல்லன். கைம்மாறு செய்யும் நிலையிலும் இல்லை. பொய் வெளிப்பட்டால் போகக்கூடியது அமைச்சரின் தலை. வெளிப்படவும் செய்கிறது. ஆகவே இது ஆபத்திலிருந்து தப்புவதற்கான பொய்யன்று, ஆபத்திற்குள் தானே நடந்து செல்லும் பொய். அதோடு, அமைச்சர் கைதியின் வாயில் வைத்த சொல் அல்லாஹ்வின் சொல். கைதி அதை ஓதினான் என்பது பொய்யாயினும், ஓதியதாகச் சொல்லப்பட்டது மெய்யிலும் மெய். மன்னரை நோக்கி, கோபத்தை அடக்கும் என்று நேரே அறிவுரை சொல்லியிருந்தால் அது துணிச்சலாகவோ அவமதிப்பாகவோ பட்டிருக்கும். சாகப் போகிறவனுடைய வாயால் சொல்லவைத்தபோது அது உள்ளத்தில் இறங்கிற்று. எல்லாவற்றிற்கும் மேலாக, உண்மை தெரிந்த பின்னும் மன்னர் மன்னிப்பைத் திரும்பப் பெறவில்லை. பொய் அவரை ஏமாற்றி ஒரு நன்மையைச் செய்யவைத்தது என்று சொல்வதைவிட, தாம் யாராக இருக்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்துகொள்ளச் சிறிது அவகாசம் கொடுத்தது என்பதே சரி.

கதை அந்த வாசகத்தோடு முடிவதுமில்லை. பண்டைய மன்னர் ஃபரீதூனுடைய அரண்மனை வளைவில் பொறிக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் எச்சரிக்கையோடு முடிகிறது: உலகம் எவரிடமும் தங்குவதில்லை, உயிர் பிரியும்போது அரியணையும் மண்தரையும் ஒன்றே. அப்படியானால் கதையின் பொருள் பொய்யா, மெய்யா என்பதல்ல. ஒரு சைகையால் உயிரைப் பறிக்கக் கூடிய அதிகாரத்தின் முன் சொல்லுக்கு என்ன கடமை என்பதே. ஹுலாகுவின் படைகள் பக்தாதை அழித்து, கலீஃபா முஸ்தஃஸிமைக் கொன்றது அதே 1258இன் பிப்ரவரியில். ஸஅதி அந்நகரின் நிஜாமிய்யாவில் கற்றவர். அந்த அழிவுக்கு அரபியிலும் பாரசீகத்திலும் இரங்கற்பா பாடியவர். ஷீராஸ் தப்பியதோ, அதன் ஆட்சியாளர் அபூபக்ர் இப்னு ஸஅது மங்கோலியருக்குப் பணிந்து திறை கட்டியதால். அந்த வசந்தத்தில் எழுதப்பட்ட நூல் ஒரு கைதியின் கழுத்திலிருந்து தொடங்குவது தற்செயல் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஷரீஅத்தின் பார்வையிலும் இது தனித்த ஒன்றன்று. மக்களிடையே இணக்கம் உண்டாக்குவதற்காக நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்ற கருத்தில் உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் நாவின் தீங்குகளைப் பேசும் பகுதியில், கொடியவனிடமிருந்து ஒளிந்திருக்கும் ஒரு முஸ்லிமின் உயிர் உண்மையால் போகுமானால், அங்கே உண்மையை மறைப்பது கடமையே ஆகும் என்று விளக்குகிறார். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்தைக் குறளின் 292ஆம் பாடலும் சொல்வதைத் தமிழ் வாசகர் உடனே நினைப்பார். அங்கும் 'குற்றமற்ற' என்ற அடைமொழியை விட்டுவிட்டே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது வேறு வேதனை.

ஆனால் நமக்கு மிக முக்கியமாகப் படும் சான்று குலிஸ்தானுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி இயலாகிய எட்டாம் இயலில் ஸஅதி பொய்யைப் பற்றி மீண்டும் பேசுகிறார். பொய், வாள்வெட்டுப் போன்றது. புண் ஆறினாலும் தழும்பு ஆறாது என்கிறார். சான்றாக யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களைக் காட்டுகிறார். யூசுஃபைப் பற்றி அவர்கள் சொன்னது பொய். பின்னர் இளைய சகோதரரைப் பற்றி அவர்கள் சொன்னதோ கண்டவாறே சொன்ன மெய். தந்தை யஃகூப் (அலை) இரண்டு முறையும் ஒரே மறுமொழியைத்தான் சொன்னார் என்பதைக் குர்ஆன் (12:18, 12:83) ஓதுவோர் அறிவர். இதே இயலில், மெய் சொல்லி விலங்கில் கிடப்பது, பொய் சொல்லி விலங்கிலிருந்து மீள்வதைவிட மேல் என்றும் ஸஅதி பாடுகிறார்.

முதல் கதையும் கடைசி இயலும் முரண்படுகின்றனவா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். விலங்கு யாருடையது என்று பார்த்தால் முரண்பாடு தெளிந்துவிடுகிறது. முதல் கதையில் விலங்கு பிறனுடையது. எட்டாம் இயலில் விலங்கு உன்னுடையது. பிறர் உயிரைக் காக்கத் தன் தலையைப் பணயம் வைத்துச் சொன்ன பொய்க்குக் கிடைத்த சலுகையை, தன் தோலைக் காக்கச் சொல்லும் பொய்க்கு ஸஅதி தரவில்லை. நம் நிர்வாகிகளும் வரன் பேசுவோரும் நிற்பது எட்டாம் இயலில். அவர்கள் கையில் பிடித்திருப்பதோ முதல் இயலின் சீட்டு.

அடுத்ததாக நாம் எடுத்துக்கொள்ளும் வாசகம் நம் பிள்ளைகளைத் தொடுவது. ஆசிரியரின் கடுமை தந்தையின் அன்பைவிடச் சிறந்தது என்னும் கருத்துடைய அது, இந்தியத் துணைக்கண்டத்து மதரஸாக்களில் பாரசீகம் ஓதப்பட்ட காலமெல்லாம் பிரம்போடு சேர்த்தே ஒப்புவிக்கப்பட்டு வந்தது. குலிஸ்தான் அங்கே இலக்கியமாக மட்டுமன்றிப் பாலபாடமாகவும் இருந்தது. நாம் ஓதிய மக்தபிலும் பிரம்புக்கு வேலை இருந்தது. உஸ்தாது பாரசீகம் அறியாதவர். எனினும் அந்த வாசகத்தின் தமிழ் வடிவம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் சொல்லும்போதெல்லாம் பெற்றோர் தலையசைத்தார்கள்.

இதன் கதை ஏழாம் இயலில் இருக்கிறது. மேற்குத் திசை நாட்டில் தாம் கண்ட ஓர் ஆசிரியரைக் கதைசொல்லி வருணிக்கிறார். கடுகடுத்த முகம், கசந்த பேச்சு, இரக்கமற்ற குணம். அவர் குர்ஆன் ஓதக் கேட்டால் மக்களின் உள்ளம் கறுத்துப்போகும். சிறுவரும் சிறுமியரும் அவர் கையில் சிக்கிக் கிடந்தார்கள். ஒரு குழந்தையின் கன்னத்தில் அறைவார், இன்னொன்றின் காலைக் கட்டையில் மாட்டுவார். இவருடைய கெட்ட நடத்தை தெரியவந்து மக்கள் அவரை அடித்து விரட்டி, மென்மையான நல்லவர் ஒருவரை நியமித்தார்கள். பிள்ளைகளுக்கு அச்சம் போயிற்று; ஓதுவதை விட்டுவிட்டு எழுதும் பலகையால் ஒருவர் தலையை ஒருவர் உடைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கதைசொல்லி அப்பக்கம் போகிறார். பழைய ஆசிரியரைச் சமாதானப்படுத்தி மீண்டும் அமர்த்தியிருக்கிறார்கள். அவர் மனம் நொந்து 'லா ஹவ்ல' ஓதி, இப்லீஸை ஏன் மறுபடியும் வானவர்களுக்கு ஆசிரியனாக்கினார்கள் என்று கேட்கிறார். உலகம் கண்ட கிழவர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். மன்னர் ஒருவர் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பியபோது மடியில் ஒரு வெள்ளிப் பலகையை வைத்தார், அதன் தலைப்பில் பொன்னெழுத்தால் எழுதியிருந்தது இது என்று சொல்லி, அந்த வாசகத்தைக் கூறுகிறார்.

இங்கே பேசுவது யார்? வாசகம் ஒரு மன்னருடையது. அதுவும் வெள்ளியில் பொன்னால் எழுதப்பட்டது. எடுத்துச் சொன்னவர் சிரித்த கிழவர். 'நான்' என்று பேசியவர் கடைசியாகச் சொன்னதோ இப்லீஸ் என்ற சொல். கிழவரோடு தாம் உடன்பட்டதாக அவர் சொல்லவே இல்லை. பொன்னெழுத்து மன்னர் மகனின் மடியில் இருந்தது; கால் கட்டையில் மாட்டப்பட்டிருந்த குழந்தையிடம் வெள்ளிப் பலகை இருந்ததாகத் தெரியவில்லை.

நாம் நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கதை கிழவரின் சொல்லோடுதான் முடிகிறது. கடைசிச் சொல்லுக்கு எப்போதும் கனம் உண்டு. மென்மையான ஆசிரியரிடம் பிள்ளைகள் கெட்டார்கள் என்பதும் கதைக்குள் நடந்த உண்மை. ஸஅதி கடுமையை முற்றிலும் வெறுத்தவர் என்று நாட்டினால் அது நம் விருப்பத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். அவர் செய்திருப்பது, இரண்டு தோல்விகளை எதிரெதிரே நிறுத்தியது. குழந்தைகளை நொறுக்கும் ஆசிரியர் ஒருவர், குழந்தைகளைக் கைவிட்ட ஆசிரியர் ஒருவர். இருவருக்கும் அப்பால் மூன்றாமவரைத் தேடும் வேலை ஊராருக்கு இருந்தது, அவர்கள் அதைச் செய்யவில்லை. அந்த மூன்றாமவர் நமக்கு அறிமுகமானவரே. தொழுகையில் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி), தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் தம்மைக் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை என்றும், அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்றும் சொன்னதாக முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களைப் பொய்யிலும் சோம்பலிலும் தள்ளும் என்று ஒரு பகுதியையே எழுதினார். இவை மக்தப் சுவர்களில் ஒட்டப்படுவதில்லை. மன்னருடைய பலகை மட்டும் ஒட்டப்படுகிறது.

இடமும் ஆளும் பார்த்துப் படித்தால் எல்லா வாசகமும் இனித்துவிடும் என்று வாசகர் நினைக்க வேண்டாம். ஓநாய்க் குட்டியின் கதை நமக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது. மலையுச்சியில் பதுங்கிய கொள்ளைக் கூட்டம் பிடிபடுகிறது. மன்னர் எல்லோரையும் கொல்ல ஆணையிடுகிறார். மீசை அரும்பாத சிறுவன் ஒருவனுக்காக அமைச்சர் பரிந்து பேசுகிறார். ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நிலையிலேயே பிறக்கிறது என்ற நபிமொழியையும் சான்று காட்டுகிறார். மன்னர் அரைமனதோடு சம்மதிக்கிறார். சிறுவன் நல்ல முறையில் வளர்க்கப்படுகிறான். கடைசியில் கயவரோடு சேர்ந்து அமைச்சரையும் அவருடைய இரு மைந்தரையும் கொன்று, தந்தையின் குகையிலேயே போய் அமர்கிறான். மனிதரோடு வளர்ந்தாலும் ஓநாயின் குட்டி ஓநாயே ஆகும் என்று மன்னர் முன்பே சிரித்துச் சொன்னது பலித்துவிடுகிறது.

இங்கும் வாசகத்தைச் சொன்னவர் மன்னர்தான். சிறுவனுக்குக் கற்பிக்கப்பட்டவை அழகாகப் பேசுதல், மறுமொழி கூறுதல், அரசரைச் சேவித்தல் ஆகியவையே. அவன் கண்முன் தன் கூட்டம் கொல்லப்பட்டதைப் பற்றி எவரும் அவனிடம் ஒரு சொல் பேசியதாகக் கதையில் இல்லை. இப்படியெல்லாம் வாதிட்டு ஸஅதியைக் காப்பாற்ற நமக்கும் ஆசைதான். ஆனால் கதையின் போக்கே மன்னரின் பக்கம் நிற்கிறது. பின்வரும் செய்யுட்களும் அவ்வாறே. கெட்ட இரும்பில் நல்ல வாள் வராது, ஒரே மழை தோட்டத்தில் மலரையும் உவர்நிலத்தில் களையையும் வளர்க்கும் என்று அவை சொல்கின்றன. நபிமொழியை ஓதியவர் தோற்கிறார். ஓநாய் பற்றிய பழமொழி வெல்கிறது. இதே நூலின் முன்னுரையில், ரோஜாவோடு இருந்ததால் மணம் பெற்ற குளியலறைக் களிமண்ணைப் பற்றிப் பாடியவரும் இவரே. களிமண்ணுக்குக் கிடைத்த நம்பிக்கை அச்சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. இந்த ஊரான், இந்தக் கூட்டத்தான், இவன் பிள்ளை எப்படி இருப்பான் என்று நம்மிடையேயும் நம்மைப் பற்றி வெளியேயும் பேசப்படுவதைக் கேட்டவர்கள் நாம். இக்கதையில் நாம் அமைச்சரோடு தோற்கவே விரும்புகிறோம்.

ஸஅதி தம்மையே ஒரு கட்சிக்காரராக்கி நகைக்கும் இடமும் உண்டு. ஏழாம் இயலின் இறுதியில் செல்வமும் வறுமையும் பற்றி ஒரு வழக்கு நடக்கிறது. தர்வேஷ் வேடத்தில் இருக்கும் ஒருவன் செல்வரைப் பழிக்க, ஸஅதி செல்வருக்காக வாதாடுகிறார். வாதம் வசையாகி, வசை கைகலப்பாகிறது. அவன் இவருடைய கழுத்துப்பட்டியைக் கிழிக்க, இவர் அவனுடைய தாடையைப் பற்றுகிறார். ஊர் பின்னால் வந்து சிரிக்கிறது. முடிவில் இருவரும் காழியிடம் போக, அவர் செல்வரிலும் வறியரிலும் நல்லவரும் உண்டு, தீயவரும் உண்டு என்று சொல்லி இருவரையும் இணக்கி அனுப்புகிறார். இந்த வழக்கிலிருந்து எந்த ஒரு வரியை உருவினாலும் 'செல்வத்தைப் பற்றி ஸஅதியின் கருத்து' கிடைத்துவிடும். கிழிந்த சட்டையோடு அதைச் சொன்னார் என்பது மட்டும் விடுபட்டுப் போகும்.

எட்டாம் இயல் பெரிதும் தனி வாசகங்களால் ஆனதுதானே, ஸஅதியே அங்கு பூப்பறித்துத் தரவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இயலுக்கு அவர் கொடுத்த தலைப்பு, பிறரோடு கூடிப் பழகும் முறைமை என்பது. ஏழு இயல்களில் எத்தனையோ மனிதரோடு பழகி, சிலரிடம் ஏமாந்து, சிலரைப் பார்த்துச் சிரித்து வந்த வாசகருக்கே அது வைக்கப்பட்டிருக்கிறது. வாசலில் வைக்கப்படவில்லை.

இறுதியாக, 'பனீ ஆதம்' என்று அழைக்கப்படும் அந்த மூன்று செய்யுட்கள். ஆதமின் மக்கள் ஒரே மூலத்திலிருந்து படைக்கப்பட்ட உறுப்புகள், ஓர் உறுப்பு நோகும்போது மற்றவை அமைதி கொள்வதில்லை, பிறர் துன்பத்திற்கு வருந்தாதவனுக்கு மனிதன் என்ற பெயர் தகாது என்பது அவற்றின் சாரம். ஐக்கிய நாடுகள் அவையின் வாயிலில் இது பொறிக்கப்பட்டிருப்பதாக நம் மேடைகளில் பெருமையோடு சொல்வார்கள். வாயிலில் அப்படிப் பொறிப்பு எதுவும் இல்லை. ஈரானிலிருந்து அன்பளிப்பாக வந்து 2005இல் நியூயார்க் தலைமையகத்தில் வைக்கப்பட்ட ஒரு கம்பளத்தில் அது நெய்யப்பட்டிருக்கிறது. 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமா ஈரானியருக்குச் சொன்ன நவ்ரோஸ் வாழ்த்திலும் அதன் தொடக்கம் இடம்பெற்றது. தொடக்கம் மட்டும், வருந்தாதவனுக்குப் பெயர் தகாது என்ற முடிவு இடம்பெறவில்லை. அப்போது அவருடைய படைகள் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தன.

இதன் மூலக்கரு நமக்குத் தெரிந்ததே. இறைநம்பிக்கையாளர் ஒருவருக்கொருவர் காட்டும் அன்பில் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் காய்ச்சலாலும் விழிப்பாலும் தவிக்கும் என்ற கருத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி அது. ஸஅதி அதில் 'இறைநம்பிக்கையாளர்' இருந்த இடத்தில் 'ஆதமின் மக்கள்' என்று வைத்தார். உடலில் வேண்டியவர், வேண்டாதவர் என்று உறுப்புகள் இல்லை என்பதால் அந்த உவமையே அவரை அங்கு அழைத்துச் சென்றிருக்கலாம். அவர் எழுதியது 'ஒருவருக்கொருவர் உறுப்புகள்' என்றா, 'ஒரே உடலின் உறுப்புகள்' என்றா என்பதில் ஈரானில் நீண்ட பாடபேத விவாதம் உண்டு. பின்னதை ஏற்போருக்கு இந்த நபிமொழியே வலுவான ஆதாரம்.

இவ்வளவு பேசப்படும் இச்செய்யுட்கள் யாரிடம் சொல்லப்பட்டன என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. திமிஷ்கின் உமைய்யாப் பெரிய பள்ளிவாசலில், யஹ்யா (அலை) அவர்களின் அடக்கத்தலத்தின் தலைமாட்டில் கதைசொல்லி தனித்து வணக்கத்தில் இருக்கிறார். அநீதிக்குப் பேர்போன ஓர் அரபு மன்னர் அங்கு வருகிறார், தொழுகிறார், தம் தேவையைக் கேட்கிறார். பிறகு இவர் பக்கம் திரும்பி, பலமிக்க ஓர் எதிரியால் தமக்கு அச்சமாயிருக்கிறது, தர்வேஷ்களின் துஆவில் தம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். பலமற்ற குடிகளுக்கு இரக்கம் காட்டும், பலமிக்க எதிரியால் துன்பம் வராது என்பது இவர் தந்த மறுமொழி. அதைத் தொடர்ந்தே 'பனீ ஆதம்' வருகிறது. மனிதன் என்ற பெயர் தகாது என்று அது முடியும்போது எதிரில் நிற்பவர் அந்த மன்னர்.

அவர் அதைக் கேட்டு என்ன செய்தார் என்று ஸஅதி எழுதவில்லை. துஆச் செய்ததாகவும் எழுதவில்லை. அச்சிட்ட பதிப்புகளில் இதற்கு அடுத்தபடியாக வரும் கதை ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபைப் பற்றியது. துஆ ஏற்கப்படும் தர்வேஷ் ஒருவர் பக்தாதில் தோன்றினாராம். ஹஜ்ஜாஜ் இறந்து அரை நூற்றாண்டு கழித்துக் கட்டப்பட்ட நகரம் பக்தாத். ஸஅதிக்கு அது பொருட்டல்ல. ஹஜ்ஜாஜ் அவரை அழைத்து, எனக்காக ஒரு நல்ல துஆச் செய்யும் என்கிறார். இறைவா, இவருடைய உயிரை எடுத்துக்கொள் என்கிறார் தர்வேஷ். இது என்ன துஆ என்று ஹஜ்ஜாஜ் திடுக்கிட, உமக்கும் எல்லா முஸ்லிம்களுக்கும் நல்ல துஆ இதுதான் என்கிறார் அவர்.